எடுத்து வைத்த சிரிப்பு

"குருவே, என் பெண்டாட்டி நாலு மாசமா சிரிக்கலை" என்றார் கன்ரோகு.

"காலைத் தூக்குங்க. படகுல தண்ணி ஏறுது" என்றாள் குரு.

கன்ரோகு காலைத் தூக்கிக்கொண்டார்.

குருவின் பெயர் ஷிகே. வயது முப்பத்தொன்று. ஆற்றில் படகு தள்ளுவது தொழில். அந்த வட்டாரத்து ஹைக்கூ கூட்டத்துக்கு அவள் எப்படித் தலைமை ஆனாள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடந்தது ரொம்பச் சாதாரணம். அக்கரைக்குப் போகிறவர்கள் பொழுது போகாமல் படகில் கவிதை சொல்வார்கள். அவள் கழியை ஊன்றிக்கொண்டே, "அந்த வார்த்தை வேண்டாமே" என்பாள். கரை சேர்வதற்குள் அவர்களுக்கே அது வேண்டாம் என்று தோன்றிவிடும். இப்படியே குருவாகிவிட்டாள்.

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. பார்லியையும் சோயாவையும் உப்போடு சேர்த்து மரத்தொட்டிகளில் புளிக்க வைத்து, மிசோ என்கிற விழுது செய்து விற்கிறவர். தன்னில் பாதி வயதுக்காரியைக் குருவே என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இல்லை. கேட்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

ஜப்பானில் ஹைக்கூ எழுதுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த மூன்று வரிக்குள் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று வந்தாக வேண்டும். தவளை என்றால் வசந்தம். வெறுமனே நிலா என்றால் இலையுதிர்காலம். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு என்று சொல்ல அகராதியே இருக்கிறது. ஒரு கவிதைக்கு ஒரு பருவச்சொல். இரண்டு வந்துவிட்டால் கூட்டத்தில் தொண்டையைச் செருமுவார்கள்.

கன்ரோகு அந்த அகராதியை முழுக்க மனப்பாடம் செய்திருந்தார். ஊரில் அவரை அகராதி பிடித்த மனுஷன் என்பார்கள். இரண்டு அர்த்தத்திலும்தான்.

"ஏன் சிரிக்கலை?" என்று கேட்டாள் ஷிகே.

"எடுத்து வச்சிருக்கா."

"எதை?"

"சிரிப்பை."

ஷிகே கழியை நிறுத்தினாள். படகு தானாகப் போனது.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.

*

போன வருஷத்தின் கடைசி நாள். நடுப்பகல். புத்தாண்டுக்காக வேகவைத்த பசையரிசியை உரலில் போட்டு, கன்ரோகு மரச்சுத்தியால் இடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் இடையில் அவர் மனைவி ஓசென் கையை நனைத்துக்கொண்டு மாவைப் புரட்டிப் போட்டாள். முப்பத்தெட்டு வருஷமாக இருவரும் சேர்ந்து இடிக்கிற மாவு.

ஓர் அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. ஓர் உருண்டை மாவு எகிறி அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். கொம்பு மாதிரி நீண்டது.

ஓசென் சிரித்தாள்.

ஓசெனின் சிரிப்பு அந்தத் தெருவுக்கே தெரிந்த சிரிப்பு. முதலில் மூக்கில் ஒரு சின்னச் சத்தம் வரும். அதை அடக்கப் பார்ப்பாள். முடியாது. பிறகு தொட்டியிலிருந்து அடைப்பைப் பிடுங்கிய மாதிரி கொட்டும்.

மூக்கில் சத்தம் வந்ததுமே கன்ரோகு கையைத் தூக்கினார்.

"நிறுத்து! இன்னிக்குச் சிரிச்சா வீண்."

"என்ன?"

"'முதல் சிரிப்பு'ன்னு ஒரு பருவச்சொல் இருக்கு. புத்தாண்டுல முதல் முதலாச் சிரிக்கறதுக்குத்தான் அந்தப் பேரு. இன்னிக்குச் சிரிச்சா அது வெறும் சிரிப்பு. நாளைக்குக் காலையில இதையே சிரி. நான் எழுதிக்கறேன்."

ஓசென் அவரைப் பார்த்தாள். நெற்றியில் கொம்போடு நின்றார்.

"சரிங்க. எடுத்து வைக்கறேன்" என்றாள்.

மறுநாள் புத்தாண்டு. அன்று காலையில் எதிரில் இருப்பவர் முன் மண்டியிட்டுத் தலை தாழ்த்தி, "புத்தாண்டு வாழ்த்துகள், இந்த வருஷமும் என்னைப் பொறுத்துக்கணும்" என்று சொல்வது அங்கே வழக்கம். கன்ரோகு பிறகு தெரு முழுக்கப் போய்ச் சொன்னார். வீட்டில்தான் சொல்ல மறந்துவிட்டார். எழுந்ததும் மையைக் குழைத்து, தூரிகையைத் தோய்த்து, ஓசெனுக்கு எதிரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ம். இப்போ சிரி."

ஓசென் சூப்பை ஊற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

"அன்னிக்குப் போன சிரிப்புதான்" என்றார் கன்ரோகு. "நானும் என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன். முள்ளங்கித் தழையைத் தலையில கட்டிக்கிட்டு வந்தேன். கடைத்தெருவுல பின்பக்கமா நடந்தேன். வாளியில கால மாட்டிக்கிட்டு விழுந்தேன். அது வேணும்னு பண்ணலை, தானா நடந்துடுச்சு. தெருவே சிரிச்சது. அவ வந்து வாளியைக் கழட்டி விட்டுட்டுப் போயிட்டா."

"கோபமா இருக்காங்களா?"

"இல்ல. பேசறா, சமைக்கறா, தொட்டியைக் கிண்டறா. எல்லாம் சரியா இருக்கு. வீட்டுல அந்தச் சத்தம் மட்டும் இல்ல குருவே. நான் பொழுது விடிஞ்சதும் அதைக் கேட்டுத்தான் எந்திரிப்பேன். பால்காரன்கிட்டயோ பூனைகிட்டயோ சிரிச்சிக்கிட்டிருப்பா. இப்போ பூனைகூட வெளியே போயிடுச்சு."

ஷிகே மறுபடி கழியை ஊன்றினாள்.

"ஐயா, உங்களுக்கு அந்தச் சிரிப்பு வேணுமா, அந்தச் சொல் வேணுமா?"

கன்ரோகு நேர்மையான மனிதர். நன்றாக யோசித்தார்.

"ரெண்டும்" என்றார்.

ஷிகே பெருமூச்சு விட்டாள்.

"வசந்தத்துல மலை என்ன பண்ணும்?"

இது கன்ரோகுவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "மலை சிரிக்கும். 'மலை சிரிக்கிறது', வசந்தத்துக்கான சொல். கோடையில மலை சொட்டும். இலையுதிர்காலத்துல உடுத்திக்கும். குளிர்காலத்துல தூங்கும்."

"வசந்தத்துல சிரிக்குதே, அதுக்கு எதிர்ல யார் போய் வாளியில கால மாட்டிக்கிட்டாங்க?"

"யாரும் இல்லையே" என்றார் கன்ரோகு.

படகு கரையில் இடித்தது.

"இறங்குங்க" என்றாள் ஷிகே.

*

அன்று சாயங்காலமே திரும்பி வந்தார். அக்கரையில்தான் பார்லி வயல்கள். இந்த வருஷத்து மிசோவுக்கு எவ்வளவு மூட்டை வேண்டும் என்று பேசிவிட்டு வந்திருந்தார்.

படகு கிளம்பியதும் ஷிகே கழியால் வயல் பக்கம் காட்டினாள்.

"அங்கே என்ன பருவம்?"

"பார்லியின் இலையுதிர்காலம்."

"இப்போ இலையுதிர்காலமா?"

"இல்ல குருவே, இப்போ கோடை தொடங்கி இருக்கு. இலையுதிர்காலம்னா அறுவடை. ஆனா பார்லி மத்ததுக்காகக் காத்திருக்காது, கோடையிலேயே பழுத்துடும். அதனால 'பார்லியின் இலையுதிர்காலம்'னு சொன்னா கோடைன்னு அர்த்தம். இதே மாதிரி மூங்கிலுக்கும் உண்டு. மூங்கில் வசந்தத்துல இலை பழுக்கும். அதனால 'மூங்கிலின் இலையுதிர்காலம்'னா வசந்தம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"இன்னொரு தடவை."

காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று கன்ரோகு எழுந்து நின்று கத்திச் சொன்னார். ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷிகே கழியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பாதி ஆறு கடந்த பிறகு அவருக்கு வேறொரு குறை நினைவுக்கு வந்தது.

"குருவே, போன கூட்டத்துல என் ஆமைக் கவிதையை எல்லாரும் புகழ்ந்தாங்க. நீங்க மட்டும் ஒரு சொல் பொய்னு சொன்னீங்க. எதுன்னு சொல்லவே இல்ல. நான் நாப்பது நாளாத் தேடறேன்."

"ஆமையின் குரல்" என்பது வசந்தத்துக்கான பருவச்சொல். ஆமைக்குக் குரல் கிடையாது என்று கவிஞர்களுக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக எழுதுவார்கள். வசந்தத்தில் ஆமைகூடக் குரல் கொடுக்கும் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம். ஆனால் கன்ரோகு, அகராதியில் இருந்தால் உலகத்திலும் இருக்கும் என்று நம்புகிறவர். மூன்று வசந்தமாக அக்கரையில் ஒரு குளத்தங்கரையில் போய்க் காத்திருந்தார். மூன்றாவது வசந்தத்தில், சத்தியமாகக் கேட்டேன் என்று வந்து நின்றார். அந்தக் கவிதைதான் அது.

"எது பொய்னு உங்க வீட்டம்மாவைக் கேளுங்க" என்றாள் ஷிகே.

"ஓசெனையா? அவ ஹைக்கூ எழுத மாட்டாளே."

"நாளைக்கு பார்லி வாங்க அவங்களையும் கூட்டிட்டு வாங்க. மூட்டை தூக்கவும் ஆள் வேணுமில்ல."

*

மறுநாள் காலை ஓசென் வந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. அதில் சோற்று உருண்டைகள்.

"ஏறு, ஏறு. வெயில் ஏறறதுக்குள்ள மூட்டையெல்லாம் கட்டிடணும்" என்றார் கன்ரோகு.

"ஒரு உருண்டை சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமே."

"வேலை முடியட்டும்."

அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். அது அவள் வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

படகு கிளம்பியது. வெயில் இளசாக இருந்தது. ஆற்றில் மீன் ஒன்று துள்ளியது. கன்ரோகு அதன் பருவத்தை முணுமுணுத்தார்.

"கவிதையைச் சொல்லுங்க ஐயா" என்றாள் ஷிகே.

"இப்பவா?"

"இப்பத்தான்."

கன்ரோகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மாலை வெயில்.
குளக்கரையில் தனியே
ஆமையின் குரல்."

ஓசென் மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு சொல் பொய்யாம்" என்றார் கன்ரோகு அவளிடம். "உன்கிட்டக் கேட்கச் சொல்றாங்க."

"யாரு தனியே?" என்று கேட்டாள் ஓசென்.

"நான்தான்."

"நீங்க அன்னிக்குத் தனியாவா இருந்தீங்க?"

"கவிதையில அப்படித்தான் வரும்."

"பின்னாடி சோத்து மூட்டையோட உட்கார்ந்திருந்தது யாரு?"

கன்ரோகு குருவைப் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் அக்கரையில விட்டது நான்தான்" என்றாள் ஷிகே. "ரெண்டு பேரையும் திரும்ப ஏத்திக்கிட்டதும் நான்தான்."

கன்ரோகுவின் காது சிவந்தது. கெட்டவர் இல்லை அவர். அன்றைக்கு ஓசென் பின்னால் இருந்ததை அவர் மறைக்கவில்லை, நிஜமாகவே மறந்திருந்தார். அது இன்னும் மோசம் என்று அவருக்கே தெரிந்தது.

"சரி. அந்தச் சொல் பொய்தான். ஒத்துக்கறேன்" என்றார். "நான் தனியா இல்ல. ஆனா ஆமை நிஜம்! அதை யாரும் பொய்னு சொல்ல முடியாது. என் ரெண்டு காதால கேட்டேன். பொழுது சாயற நேரம். தண்ணி அசையலை. அப்போ நீளமா, சோகமா..."

"எப்படிக் கேட்டுச்சு?" என்றாள் ஓசென்.

அவள் குரலில் என்னவோ இருந்தது. கன்ரோகு கவனிக்கவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

"குர்ர்ர்ரூ... ரூ..."

ஓசென் குனிந்துகொண்டாள்.

"இன்னொரு தடவை."

"குர்ர்ர்ரூ... ரூ... ரூ..."

"அது ஆமை இல்லீங்க."

"பின்னே?"

"என் வயிறு."

கன்ரோகு கண்ணைத் திறந்தார்.

"அன்னிக்குக் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றாள் ஓசென். தலையைத் தூக்கவில்லை. "நீங்க ஆமை ஆமைன்னு உட்கார்ந்திருந்தீங்க. நான் சோத்தை வச்சிக்கிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் வயிறு கத்திடுச்சு. எனக்கு வெட்கமாப் போச்சு. மன்னிச்சிடுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க கையைத் தூக்கி 'உஷ்' அப்படின்னீங்க. அப்புறம் பார்த்தா..."

மூக்கில் ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"அப்புறம் பார்த்தா, உங்க கண்ணுல தண்ணி!"

அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நாலு மாதச் சிரிப்பு ஒன்றாகக் கொட்டியது. ஓசென் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். "ஊரே வந்து ஆமை ஆமைன்னு... என் வயித்தை... அவ்வளவு புகழ்ந்தாங்களே!" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். கரையில் இருந்த கொக்கு பறந்துபோனது. அக்கரையில் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஷிகே கழியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள், தோள் குலுங்கியது.

கன்ரோகுவுக்கு அழுகை வந்தது. இந்தச் சத்தத்துக்காகத்தானே வாளி, முள்ளங்கித் தழை எல்லாம். அவர் வயிறும் குளிர்ந்தது, மனசும் குளிர்ந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு இடுப்புக்குப் போனது. அங்கே தூரிகைக் கூடு இருந்தது. தூரிகையை எடுத்தது. மடியில் தாளை விரித்தது. எழுதியது.

முதல் சிரிப்பு

கை நின்றது.

முதல் சிரிப்பு புத்தாண்டுச் சொல். இப்போது கோடை. புத்தாண்டு போய் நாலு மாதம் ஆகிறது. இந்தச் சொல்லை இந்தச் சிரிப்புக்குப் போட முடியாதே. போட்டால் கூட்டத்தில் தொண்டையைச் செருமுவார்களே.

"ஆனா..." என்று வாயைத் திறந்தார்.

ஓசென் அந்த வாயைப் பார்த்தாள். திறந்த வாய் அடுத்து என்ன சொல்லும் என்று அவளுக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும்.

சிரிப்பு தேய்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உதடு மூடப் போனது.

கன்ரோகு குருவைப் பார்த்தார். ஷிகே அவரைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவரும் கரையைப் பார்த்தார். மலை பச்சை. மரம் பச்சை. புல் பச்சை. அதன் நடுவில் பார்லி மட்டும் தன் பாட்டுக்கு மஞ்சளாக நின்றது. மற்றதுக்காகக் காத்திருக்காமல் பழுத்தாகிவிட்டது. அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

கன்ரோகு வாயை மூடினார்.

தூரிகையைக் கூட்டில் போட்டார். தலையிலிருந்த வைக்கோல் தொப்பியைக் கழற்றினார். சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஆடுகிற படகில், தண்ணீர் கட்டிய பலகையில், ஓசெனுக்கு எதிரில் மண்டியிட்டார்.

"என்ன பண்றீங்க? நனையுது!" என்றாள் ஓசென்.

நெற்றி பலகையில் படும்வரை குனிந்தார்.

"புத்தாண்டு வாழ்த்துகள்" என்றார். "இந்த வருஷமும் என்னைப் பொறுத்துக்கணும்."

ஷிகேயின் கழி தண்ணீரில் அப்படியே நின்றது.

ஓசென் கொஞ்ச நேரம் அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தாள். பிறகு மூட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் மண்டியிட்டுக் குனிந்தாள். இரண்டு தலையும் ஏறக்குறைய முட்டிக்கொண்டன.

"பொறுத்துக்கறேன்" என்றாள்.

அப்போது இரண்டு தலைகளுக்கும் நடுவிலிருந்து, நீளமாக, சோகமாக ஒரு சத்தம் வந்தது.

குர்ர்ர்ரூ... ரூ...

யாரும் அசையவில்லை.

"அகராதி ஐயா," என்றாள் ஷிகே, "இப்போ என்ன பருவம்?"

கன்ரோகு நிமிர்ந்தார். சோற்று மூட்டையின் முடிச்சை அவரே அவிழ்த்தார். முதல் உருண்டையை எடுத்து ஓசெனிடம் நீட்டினார்.

"வசந்தம், குருவே."